முன்தீர்ப்பை மாற்ற எத்தனை நீதிபதிகள் தேவை? 35 ஆண்டு கனிம வரி வழக்கு எழுப்பும் கேள்வி

புதுடெல்லி: ஆறு மாதங்களுக்கு முன் தான் வழங்கிய ஒரு தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 18ஆம் தேதி திரும்பப் பெற்றது. திட்டப் பணிகளைத் தொடங்கிய பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் நடைமுறை சட்டவிரோதமானது என இரு நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு மே 16ஆம் தேதி தீர்ப்பளித்திருந்தது. சம எண்ணிக்கை கொண்ட அமர்வுகள் முன்னரே வழங்கிய தீர்ப்புகளை மே மாத அமர்வு கணக்கில் கொள்ளவில்லை என்று கூறி, மூன்று நீதிபதிகள் அமர்வு 2-1 என்ற பெரும்பான்மையில் அதைத் திரும்பப் பெற்றது. மே மாதத் தீர்ப்பில் பங்கேற்றிருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் இம்முறை மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

இரண்டு நாள்கள் கழித்து, நவம்பர் 20ஆம் தேதி, குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு விடையளித்தது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என அது கருத்துத் தெரிவித்தது. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் ஏப்ரல் 8ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு விதித்த காலக்கெடுவுக்கு இது நேர் எதிரானது.

இவ்விரு நிகழ்வுகளையும் இணைப்பது ஓர் எளிய கணக்கு. இரண்டை விட மூன்று பெரியது. ஐந்து அதை விடப் பெரியது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் முன்தீர்ப்பின் வலிமை பெருமளவு இந்தக் கணக்கைச் சார்ந்தே நிற்கிறது. அமர்வு சிறியதாக இருந்தால் ஒரு தீர்ப்பு ஆறு மாதத்தில் வீழலாம். பெரியதாக இருந்தால், தவறு எனப் பலரும் சுட்டிக்காட்டிய பிறகும் பல பத்தாண்டுகள் நீடிக்கலாம். கனிம உரிமைகள் மீதான வரி வழக்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஒரு வாக்கியத்தின் வரலாறு

சுரங்கக் குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் ராயல்டி தொகை ஒரு வரியா, இல்லையா என்பதே அவ்வழக்கின் மையக் கேள்வி. ராயல்டியை அடிப்படையாக வைத்து மாநிலங்கள் மேலும் ஒரு செஸ் விதிக்கலாமா என்பது அதனுடன் பிணைந்த மற்றொரு கேள்வி. பழைய மெட்ராஸ் மாவட்ட வாரியச் சட்டத்தின் கீழ் சித்தூரில் வசூலிக்கப்பட்ட இத்தகைய செஸ், நிலத்தின் மீதான வரியே என்றும் அது செல்லும் என்றும் 1964இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது.

அதே கேள்வி தமிழ்நாட்டிலிருந்து மீண்டும் வந்தது. 1958ஆம் ஆண்டு மெட்ராஸ் ஊராட்சிகள் சட்டம், நில வருவாயில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 பைசா செஸ் வசூலிக்க வழிசெய்திருந்தது. நில வருவாய் என்ற சொல்லுக்குள் ராயல்டியையும் சேர்த்து ஒரு விளக்கம் பின்னர் அச்சட்டத்தில் நுழைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதை எதிர்த்தது. ஏழு நீதிபதிகள் அமர்வு 1989 அக்டோபர் 25ஆம் தேதி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது; 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ரத்து செய்தது. ராயல்டி ஒரு வரி என்ற வாக்கியம் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

ராயல்டியே வரி என்றால், கனிம உரிமை மீது மாநிலங்கள் தனியாக வரி விதிக்க இடம் ஏறக்குறைய இல்லாமல் போகும். இத்தீர்ப்பின் அடிப்படையில் வேறு மாநிலங்களின் செஸ் சட்டங்களும் அடுத்தடுத்து வீழ்ந்தன. அதுவரை வசூலான தொகையைக் காப்பாற்றுவதற்காக நாடாளுமன்றம் 1992இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2004 ஜனவரியில் கேசோராம் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்புதான் இவ்வரலாற்றின் விசித்திரமான பகுதி. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று அந்த அமர்வின் பெரும்பான்மையினர் கருதியிருக்கலாம். ஆனால் ஐவர் எழுவரை மீற இயலாது. எனவே, ராயல்டி ஒரு வரி என்ற வாக்கியம் எழுத்துப் பிழையால் நேர்ந்தது என்றும், ராயல்டி மீதான செஸ் ஒரு வரி என்பதே அமர்வு சொல்ல வந்தது என்றும் அவர்கள் விளக்கம் அளித்தனர். ஏழு பேர் கையெழுத்திட்ட தீர்ப்பின் ஒரு வாக்கியம், 14 ஆண்டுகளுக்குப் பிறகு தட்டச்சுப் பிழையாக அறிவிக்கப்பட்டது.

அத்துடன் நாட்டில் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் ஏற்பட்டன. கேசோராம் தீர்ப்பை நம்பிச் சில மாநிலங்கள் புதிய வரிச் சட்டங்களை இயற்றின. இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பை நம்பி நிறுவனங்கள் அவ்வரிகளைச் செலுத்த மறுத்தன. 2011 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த முரண்பாட்டை நேரடியாக ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அந்த அமர்வின் தீர்ப்பு வெளியானது 2024 ஜூலை 25ஆம் தேதி. ராயல்டி வரி அல்ல என்றும், குத்தகை ஒப்பந்தத்தின்படி கனிமத்துக்குக் கொடுக்கப்படும் ஈடு என்றும் எட்டு நீதிபதிகள் கூறினர். நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். மாநிலங்கள் போட்டியிட்டு வரி விதித்தால் கனிம வளர்ச்சியில் நாடு தழுவிய ஒழுங்கு குலையும் என்பது அவரது கவலை.

கேள்வி நீதிமன்றத்தில் முடங்கிக் கிடந்தது 13 ஆண்டுகள். இக்காலம் முழுவதும் சட்டப் பிரச்சினை சிக்கலாக இருந்ததால் தாமதம் ஏற்பட்டது என்று சொல்வது கடினம். ஒன்பது நீதிபதிகளை ஒரே வேளையில் அன்றாட வழக்குகளிலிருந்து விடுவித்து ஒரே அறையில் அமர்த்துவதே இங்கு பெரும் தடை.

எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் அனைத்து நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவு. அந்த ‘அனைத்து நீதிமன்றங்கள்’ என்பதில் உச்ச நீதிமன்றமே அடங்காது என 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் முடிவானது. விற்பனை வரி குறித்து இரண்டே ஆண்டுகளுக்கு முன் ஐந்து நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பை ஏழு நீதிபதிகள் அவ்வழக்கில் மாற்றினர். முன்தீர்ப்பை எப்போது மறுபரிசீலனை செய்யலாம் என்பதற்கான சில அளவுகோல்களை 1965இல் கேசவ் மில்ஸ் வழக்கு வகுத்தது. முக்கியமான அம்சம் கவனிக்கப்படாமல் போனதா, தவறு பொதுமக்களுக்கு எவ்வளவு பாதிப்பை விளைவிக்கிறது போன்றவை அவற்றுள் அடங்கும்.

அந்த அளவுகோல்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் நடைமுறையில் முதலில் கேட்கப்படுவது அமர்வின் அளவுதான். பெரிய அமர்வின் தீர்ப்பைச் சிறிய அமர்வு சந்தேகிக்கவே கூடாது என 2004இல் தாவூதி போரா சமூக வாரியம் தொடர்பான வழக்கில் விதி உறுதியானது. 2022 செப்டம்பரில் திரிமூர்த்தி ஃபிராக்ரன்சஸ் வழக்கு அதை மேலும் இறுக்கியது. ஏழு நீதிபதிகள் அமர்வில் நால்வர் மட்டுமே ஒப்புக்கொண்ட தீர்ப்பும், ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பை விட மேலானது என அது தெளிவுபடுத்தியது. நான்கு பேரின் கருத்து ஐந்து பேரின் கருத்தை வெல்லும் இக்கணக்கு, ஒழுங்குக்காக ஏற்கத்தக்கதே. எது சரியான சட்டம் என்பதற்கு அது சான்றாகாது.

அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரம் தொடர்பான வழக்குகளில் இந்த ஏறுவரிசை தெளிவாகத் தெரிகிறது. 1951இலும் 1964இலும் ஐந்து நீதிபதிகள். அவற்றை மாற்ற 1967இல் கோலக்நாத் வழக்கில் பதினொருவர். அதை மாற்ற 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூவர். அந்தப் பதின்மூவரும் 7-6 என்றே பிரிந்தனர். 1975 நவம்பரில் அத்தீர்ப்பையும் மறு ஆய்வு செய்ய மீண்டும் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்தனர். இரண்டு நாள் விசாரணைக்குப் பின் அந்த அமர்வு கலைக்கப்பட்டது.

அந்தரங்க உரிமை வழக்கில் எண்ணிக்கை ஏற்படுத்திய சிக்கல் வேறு வகை. 1954இல் எம்.பி. சர்மா வழக்கை விசாரித்தது எட்டு நீதிபதிகள் அமர்வு. அப்போது உச்ச நீதிமன்றத்தின் மொத்த அளவே எட்டுதான். சோதனை, பறிமுதல் பற்றிய அவ்வழக்கில் அந்தரங்க உரிமை குறித்துப் போகிறபோக்கில் சொல்லப்பட்ட ஒரு கருத்து, நீதிமன்றம் வளர வளர அசைக்க முடியாத எடையைப் பெற்றது. 1970களிலிருந்து சிறிய அமர்வுகள் பல அந்தரங்க உரிமையை அங்கீகரித்தும், 2015இல் ஆதார் வழக்கில் மத்திய அரசு அந்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பையே எடுத்துக்காட்டி அப்படி ஓர் அடிப்படை உரிமை இல்லை என வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே அக்கேள்வி அடங்கியது.

அமெரிக்காவில் ஒன்பது பேரும் எப்போதும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்வுகள் இல்லை. ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்தே விசாரிக்கின்றனர். எனவே பழைய தீர்ப்பை விடப் பெரிய அமர்வு என்ற சாக்கு அங்கு கிடைக்காது. மாற்ற விரும்புவோர் காரணம் சொல்லியாக வேண்டும்.

கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 1973ஆம் ஆண்டு ரோ வழக்குத் தீர்ப்பை 2022 ஜூன் 24ஆம் தேதி டாப்ஸ் வழக்கில் ரத்து செய்த பெரும்பான்மையினர், ஐந்து அளவுகோல்களை முன்வைத்தனர். முந்தைய தவறின் தன்மை, அதன் காரணங்களின் தரம், விதி நடைமுறைக்கு உகந்ததா, பிற சட்டத் துறைகளில் அதன் தாக்கம், மக்கள் அதை நம்பி அமைத்துக்கொண்ட வாழ்க்கை ஆகியவையே அவை. இனப் பிரிவினையை அனுமதித்த 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1954இல் கைவிடப்பட்டதைத் தங்களுக்கு ஆதரவான முன்னுதாரணமாக அவர்கள் காட்டினர். மாறுபட்ட மூன்று நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. சட்டமோ உண்மைகளோ மாறவில்லை, நீதிமன்றத்தின் உறுப்பினர்களே மாறியிருக்கின்றனர் என்பது அவர்களது வாதத்தின் சாரம்.

ஆக, அளவுகோல்களின் பட்டியல் இருப்பதால் மட்டும் அரசியல் நியமனங்களின் தாக்கம் தடுக்கப்படுவதில்லை. எனினும், அங்கு தீர்ப்பை விமர்சிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஐந்து அளவுகோல்களில் எது பொருந்தவில்லை என்று அவர் கேட்கலாம். ஒன்பது ஏழை விடப் பெரியது என்ற விடையிடம் அப்படிக் கேட்க எதுவுமில்லை.

ஐரோப்பாவின் வேறு வழி

ஜெர்மனியும் பிரான்சும் முன்தீர்ப்பைச் சட்டத்தின் தோற்றுவாயாகக் கருதும் ஆங்கிலேய மரபைச் சேர்ந்தவை அல்ல. இருப்பினும் அவற்றின் அரசியல் சாசன நீதிமன்றங்கள் தம் பழைய முடிவுகளை எளிதில் தூக்கி எறிவதில்லை.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றத்தின் முடிவுகள் பிற அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும். அந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எட்டு நீதிபதிகள் கொண்ட இரண்டு பிரிவுகளாக அது இயங்குகிறது. ஒரு பிரிவு மற்றதன் கருத்திலிருந்து விலக விரும்பினால் பதினாறு பேரும் கூட வேண்டும். அங்கும் எண்ணிக்கை உண்டு, ஆனால் அதற்குரிய இடத்தில் மட்டும். ஒரு பிரிவு தன் சொந்தத் தீர்ப்பை மாற்றப் பெரிய அமர்வைத் தேட வேண்டியதில்லை.

தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஆபத்தானவர்கள் எனக் கருதப்படும் குற்றவாளிகளைத் தொடர்ந்து அடைத்து வைக்கும் சட்டம் அங்கு உண்டு. முதல்முறை இவ்வாறு அடைக்கப்படுவோருக்கு இருந்த பத்தாண்டு உச்சவரம்பு 1998இல் நீக்கப்பட்டது. முன்பே அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. 2004 பிப்ரவரியில் இரண்டாம் பிரிவு இதைச் செல்லும் என்றது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் எதிர்மாறாகத் தீர்ப்பளித்தது. 2011 மே 4ஆம் தேதி அதே இரண்டாம் பிரிவு தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு, கேள்வியை மீண்டும் திறக்கப் போதுமான மாற்றம் என அது காரணம் காட்டியது. ஏழு ஆண்டுகள், அதே எட்டு இருக்கைகள்.

பிரான்சின் அரசியல் சாசன மன்றம் தான் முன்பு ஏற்ற சட்டத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டுமானால், சூழ்நிலை மாறியிருக்க வேண்டும். போலீஸ் காவல் விதிகளை அது 1993இல் ஏற்றிருந்தது. 2010 ஜூலை 30ஆம் தேதி அவ்விதிகளை ரத்து செய்தபோது, எண்களையே காரணமாக அடுக்கியது. 2009இல் மட்டும் 7,90,000க்கும் மேற்பட்டோர் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். காவலில் வைக்கும் அதிகாரம் கொண்ட போலீஸ் அதிகாரிகள் 1993இல் 25,000 பேராக இருந்து 2009இல் 53,000 ஆகப் பெருகியிருந்தனர். அரிதான நடவடிக்கை அன்றாட வழக்கமாகிவிட்டதால், பழைய பாதுகாப்புகள் போதாது என்றது மன்றம். அங்கே எண்ணப்பட்டவை குடிமக்களின் தலைகள். நீதிபதிகளின் தலைகள் அல்ல.

பழைய கணக்கை யார் தீர்ப்பது?

முன்தீர்ப்பு மாறும்போது எழும் மிகக் கடினமான கேள்வி, புதிய சட்டம் எந்த நாளிலிருந்து பொருந்தும் என்பது. தீர்ப்பை மாற்றினாலும் அதை எதிர்காலத்துக்கு மட்டும் பொருத்தும் வழியை இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் கோலக்நாத் வழக்கில் அமெரிக்காவிடமிருந்து பெற்றுக்கொண்டது. கடன் கொடுத்த நாடோ பின்னர் அவ்வழியிலிருந்து பெரிதும் விலகிவிட்டது. 1993இல் ஹார்ப்பர் வழக்கில், அதுவும் ஒரு வரி வழக்கில்தான், புதிய விதி நிலுவையில் உள்ள எல்லா வழக்குகளுக்கும் பின்னோக்கிப் பொருந்தும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது.

1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் செஸ் செல்லாது என்றபோதும், அதுவரை வசூலித்ததைத் தமிழ்நாடு அரசு திருப்பித் தர வேண்டியதில்லை என எழுவர் அமர்வு ஆணையிட்டது. 2024இல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. தீர்ப்பு எதிர்காலத்துக்கு மட்டும் பொருந்த வேண்டும் என மத்திய அரசும் சுரங்க நிறுவனங்களும் கோரின. மாநிலங்கள் நிலுவைத் தொகையைக் கேட்டன. ஆகஸ்ட் 14ஆம் தேதி நீதிமன்றம் நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. 2005 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிந்தைய வரியை மாநிலங்கள் கேட்கலாம். அதை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம். 2024 ஜூலை 25க்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் கிடையாது.

நியாயமான பங்கீடு போலத் தோன்றினாலும், இதன் சுமை சமமாக விழவில்லை. ஏழு நீதிபதிகளின் தீர்ப்பை நம்பிக் கனிமத்துக்கு விலை நிர்ணயித்து விற்ற நிறுவனம், அன்று வாங்கியவரிடம் போய் இன்று கூடுதல் தொகை கேட்க முடியாது. மறுபுறம், 1989 முதல் 2005 வரை வரி விதிக்க இயலாமல் போன காலத்துக்கு மாநிலங்களுக்கு எதுவும் கிடைக்காது. சாலை, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டிருக்கக்கூடிய வருவாய் அது. 2011இல் அனுப்பப்பட்ட கேள்வி ஓரிரு ஆண்டுகளில் விசாரிக்கப்பட்டிருந்தால் இரு தரப்பின் இழப்பும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

இத்தகைய காத்திருப்பு வரிக்கு மட்டும் உரியதல்ல. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லாது என்ற 2004ஆம் ஆண்டு சின்னையா வழக்கின் ஐவர் தீர்ப்பு, 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி எழுவர் அமர்வில் 6-1 என மாறியது. தமிழ்நாட்டில் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வளவு காலமும் வழக்கின் நிழலிலேயே நடைமுறையில் இருந்தது. மாறுபட்ட நீதிபதி பேலா திரிவேதி, உள் ஒதுக்கீட்டை மட்டும் எதிர்க்கவில்லை. ஐவரின் தீர்ப்பை மூன்று நீதிபதிகள் அமர்வு 2014இல் காரணம் பதிவு செய்யாமல் பெரிய அமர்வுக்கு அனுப்பியதையும் கண்டித்தார். முடிவில் அவருடன் உடன்படாதவர்களும் அந்தக் கண்டனத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. கேசவ் மில்ஸ் வகுத்த அளவுகோல்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்திருந்தால், அத்தகைய கண்டனத்துக்கு இடமிருந்திருக்காது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2019இல் 34 ஆக உயர்த்தப்பட்டது. இருவர், மூவர் அமர்வுகளாகவே அவர்கள் பெரும்பாலும் பிரிந்து அமர்கின்றனர். முரண்பட்ட தீர்ப்புகள் பிறப்பதற்கு அந்த அமைப்பே காரணம் என்பதால், எண்ணிக்கை விதியை முற்றிலும் கைவிட இயலாது. கைவிட்டால் ஒவ்வோர் அமர்வும் தனி நீதிமன்றமாகிவிடும். ஆனால் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட வழக்கை எத்தனை காலத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இன்று எந்த வரையறையும் இல்லை. ஆளுநர்களுக்குக் காலக்கெடு விதிக்கலாமா என்ற விவாதத்தில் நேரம் செலவிட்ட நீதிமன்றம், தனக்குத் தானே ஒன்றை விதித்துக்கொள்ள அரசியல் சாசனத்தில் தடை எதுவும் இல்லை.

கனிம வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சட்டக் கேள்விகளுக்கு மட்டுமே விடையளித்தனர். ஒவ்வொரு மாநிலத்தின் வரிச் சட்டமும் செல்லுமா என்பதை வழக்கமான சிறிய அமர்வுகளே இனி முடிவு செய்ய வேண்டும். இதற்கிடையே, 1989இல் தோற்ற தமிழ்நாடு, கனிமம் தாங்கிய நிலங்களுக்கு வரி விதிக்கும் புதிய சட்டத்தை 2024 டிசம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேற்றியுள்ளது.